உள்ளே போனதும் வெளியே வந்ததும்

அறுவை சிகிச்சை முடிந்தவருக்கு ரத்தக்குழாய் வழியாக நீர் ஏற்றுவது எப்படி என்று நர்ஸிங் மாணவிகளுக்குப் பல வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். சுலபமான பாடம்தான். வயிற்றைத் திறந்து தைத்திருக்கிறார்கள். வாய் வழியாக ஒரு சொட்டுகூடக் கொடுக்கக் கூடாது. ஆகவே ஊசி வழியாகக் கொடுக்கிறோம். உள்ளே எவ்வளவு போனது என்று எழுத வேண்டும். வெளியே எவ்வளவு வந்தது என்று எழுத வேண்டும். வாந்தி, மூக்குக் குழாயில் வருவது, எல்லாவற்றுக்கும் மேலாகச் சிறுநீர். உள்ளே போனதும் வெளியே வந்ததும் ஓரளவு ஒத்துப்போனால் ஆள் தேறிவிடுவார். மாணவிகள் தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொள்வார்கள். இதில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒருத்தியும் அதைக் கேட்டதில்லை. பாடப் புத்தகத்திலும் அது கிடையாது. எழுதியவர்கள் கடலூர்ப் பக்கம் வேலை பார்த்தவர்கள் இல்லை.

அறுபதுகளில் நான் கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டு சிஸ்டராக இருந்தேன். அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. அந்த இடத்தில் கல்யாண மண்டபம் கட்டிவிட்டார்கள்.

இப்போது மாதிரி பிளாஸ்டிக் பையெல்லாம் அன்று கிடையாது. கனமான கண்ணாடி பாட்டில், அதிலிருந்து இறங்கும் சிவப்பு ரப்பர் குழாய், நடுவில் சொட்டு விழுவதைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிக் குமிழ், முனையில் ஊசி. ஊசியைக் கல்லில் தீட்டிக் கொதிக்க வைத்துத் திரும்பத் திரும்பப் போடுவோம். நோயாளியின் கை அசையாமல் இருக்க ஒரு பலகையோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். பார்க்க வருகிறவர்கள் முதலில் பாட்டிலைத்தான் பார்ப்பார்கள், அப்புறம்தான் ஆளைப் பார்ப்பார்கள். பாட்டில் தொங்கினால் பெரிய வியாதி, பெரிய வைத்தியம், பெரிய குடும்பம். வெறும் மாத்திரையோடு படுத்திருப்பவரைப் பார்க்க வந்தவர்கள் அவருக்கு முன்னால் சங்கடத்தோடு நிற்பார்கள். சிலர் என்னிடம் வந்து, செலவைப் பற்றிக் கவலை இல்லை, ஒரு பாட்டிலாவது மாட்டிவிடுங்கள் என்று தனியாகக் கேட்டுக்கொண்டதும் உண்டு.

எங்கள் சர்ஜன் சீமையில் படித்துவிட்டு வந்தவர். நல்ல கை. அளந்துதான் பேசுவார், அதுவும் பெரும்பாலும் சிறுநீரைப் பற்றி. காலையில் வார்டுக்குள் நுழைந்ததும் நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டார், கட்டிலுக்கு அடியில் பார்ப்பார். நோயாளி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், அடியில் இருக்கும் சிறுநீர் பாட்டில்தான் உண்மையைச் சொல்லும் என்பது அவருடைய கொள்கை. அந்தக் கொள்கையை எனக்கும் கற்றுக்கொடுத்தார். நானும் நம்பினேன்.

ஒரு நாள் காலை சிதம்பரத்திலிருந்து வாடகைக் காரில் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். தேரோடும் வீதியில் பெரிய பாத்திரக்கடை வைத்திருந்தவர். ரொம்ப வருடமாகக் குடலிறக்கம் இருந்திருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் வேட்டியை இறுக்கிக் கட்டியே சமாளித்திருக்கிறார். அன்று கடையில் ஓர் அண்டாவை மேல் தட்டில் ஏற்றப் போனபோது குடல் இறங்கி, மாட்டிக்கொண்டு, முறுக்கிவிட்டது. சர்ஜன் உடனே வயிற்றைத் திறந்தார். கறுத்துப்போன குடலில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தைச் சேர்த்துத் தைத்தார். தைத்த இடம் ஆறிக் குடல் அசைய ஆரம்பிக்கும் வரை வாயில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது. மூக்கில் ஒரு குழாய், கையில் ஒரு குழாய்.

நானும் சிதம்பரம்தான் என்பது எப்படியோ அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கடையில்தான் என் அம்மா குடம் வாங்கினாள் என்பதும் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு வார்டு விதிகள் எல்லாம் நான் விளையாட்டுக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவர்தான் உடன் இருக்கலாம் என்றால், "நம்மூரு பொண்ணுதானே" என்று சொல்லிக்கொண்டே ஏழெட்டுப் பேர் உள்ளே வருவார்கள். சிதம்பரத்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் ஒவ்வொருவர் கையிலும் இளநீர். குடிக்கக் கூடாது என்று நான் சொல்வேன். தெரியும் தெரியும் என்பார்கள். வைத்துவிட்டுப் போவார்கள். கட்டிலுக்குக் கீழே இளநீர் ஒரு குலை அளவுக்குச் சேர்ந்துவிடும்.

அதையெல்லாம் குடித்துத் தீர்த்தவர் மச்சான். நோயாளியின் மனைவிக்கு அண்ணன். கடலூர்ப் பழைய டவுனில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மண்டி வைத்திருந்தார். நல்ல ஆகிருதி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. உடன் இருக்கும் அந்த ஒருவராக அவரைத்தான் நான் அனுமதித்திருந்தேன், அவர் இருந்தால் மற்றவர்களுக்கு இடம் இருக்காது என்ற கணக்கில். கொண்டு வந்ததை வீணாக்கக் கூடாது என்று ஒவ்வோர் இளநீராக அவரே சீவிக் குடித்தார். நடுநடுவே வாசலில் சோடா குடித்தார். காப்பி குடித்தார். எங்கள் கூஜாத் தண்ணீரையும் விடவில்லை. குடித்துவிட்டு வார்டின் கோடியில் இருந்த கழிவறைக்குப் போவார், வருவார், மறுபடியும் போவார். கடலூர் வெயில் யாரையும் அப்படித்தான் ஆக்கும் என்று நினைத்தேன்.

இந்த மச்சானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண்ணோடு கூடப் பிறந்தவனுக்கு ஆயுள் முழுக்க ஒரு வேலை உண்டு. தங்கை வீட்டில் எது குறைந்தாலும் அவன்தான் நிரப்ப வேண்டும். வளைகாப்பென்றால் வளையல், காதுகுத்தென்றால் மடி, பொங்கலென்றால் பானையிலிருந்து கரும்பு வரை. அதற்குச் சீர் என்று பெயர். கேட்டுக் கொடுத்தால் அது சீர் இல்லை. குறைவதைத் தானே பார்த்துச் சத்தமில்லாமல் கொண்டுபோய் வைக்க வேண்டும். இவர் அந்த வேலையில் பெயர் எடுத்தவர். பாத்திரக்கடை வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கே பொங்கலுக்கு வெண்கலப் பானை கொண்டுபோனவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலை சர்ஜன் கட்டிலுக்கு அடியில் குனிந்தார். சிறுநீர் பாட்டிலில் அடிப்பக்கம் நனைகிற அளவுக்குத்தான் இருந்தது, தேயிலைத் தண்ணீர் நிறத்தில். நான் பாட்டிலில் ஸ்டிக்கிங் பிளாஸ்டரால் ஒரு கோடு ஒட்டிவைத்திருந்தேன். அந்தக் கோட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் நாள் கொஞ்சம் குறைவது சகஜம். ஆனால் இவர் வந்தபோதே வற்றிப்போய் வந்திருந்தார். சிறுநீரகம் அடிபட்டிருக்குமோ என்று சர்ஜனுக்குக் கவலை. நாளை காலைக்குள் கோடு வரை வரவில்லை என்றால் மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மெட்ராஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நோயாளியின் மனைவி தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பாவையும் இதே மாதிரிச் சிறுநீர் நின்றுபோய் மெட்ராஸுக்குத்தான் கொண்டுபோனார்களாம். திரும்பி வந்தது அவருடைய குடையும் செருப்பும் மட்டும்தான். மெட்ராஸில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று நான் எடுத்துச் சொன்னேன். அவருடைய பயம் அதற்கெல்லாம் அசையவில்லை. புருஷன் மெட்ராஸ் போனால் அவ்வளவுதான் என்பது அவருக்கு உறுதியாகிவிட்டது. நல்லபடியாகச் சிறுநீர் போனால் முடி காணிக்கை என்று திருவந்திபுரத்துப் பெருமாளுக்கு அங்கேயே வேண்டிக்கொண்டார். நடராஜர் ஊர்க்காரர்கள் பெருமாளிடம் போகிறீர்களே என்று நான் சும்மா கேட்டதற்கு, அவசரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவரைத்தானே கூப்பிட முடியும் என்றார். அதில் இன்னொரு சிக்கல் இருந்தது. அவர் வீட்டுக்காரருக்குத் தலையில் முடியே கிடையாது. அதனால் அண்ணனுடைய முடியை வேண்டிக்கொண்டார். அண்ணன் மறுபேச்சுப் பேசாமல் தலையைத் தடவிக்கொண்டார்.

நோயாளிக்கு வெட்கம் வேறு. சிறுநீர் பாட்டிலை ஒரு பெண் கையில் கொடுக்க மாட்டேன் என்று போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். சரி, மச்சானே போர்வைக்குள் வைத்து எடுத்துக் கழிவறை வாசலில் இருக்கும் மேஜையில் வைக்கட்டும், நான் அளந்துகொள்கிறேன் என்று ஏற்பாடு செய்தேன். இதுவும் முறைப்படி சரிதான். உடன் இருப்பவர் உதவலாம் என்று விதியே இருக்கிறது.

மறுநாள் காலையில் பாட்டில் கோட்டைத் தொட்டு நின்றது. நல்ல வெளிர் நிறம். நான் மேஜையிலிருந்து அதை எடுத்து வார்டு வழியாக நடந்துவந்தபோது உறவினர்கள் வழிவிட்டு நின்றார்கள். பூரண கும்பத்துக்குக்கூட அவ்வளவு மரியாதை கிடைத்து நான் பார்த்ததில்லை. மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டார். சர்ஜன் பார்த்துவிட்டு "குட்" என்றார். அவர் வாயிலிருந்து அது வருவது அபூர்வம். மெட்ராஸ் பேச்சு நின்றது.

அடுத்தது வழக்கமான பரிசோதனை. அப்போதெல்லாம் சர்க்கரை இருக்கிறதா என்று வார்டிலேயே பார்ப்போம். சோதனைக் குழாயில் நீல மருந்தை ஊற்றி, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போனால் வரவர மோசம். கடைசிப்படி செங்கல் நிறம். நான் கொதிக்க வைத்தது நடுவில் எங்கும் நிற்காமல் நேராகச் செங்கலுக்குப் போய்விட்டது.

சர்ஜன் அதற்கு ஒரு காரணம் சொன்னார். நாம் ஏற்றுவதே குளுக்கோஸ் கலந்த நீர், அது வேகமாகப் போனால் கொஞ்சம் சிறுநீரில் வழியத்தான் செய்யும் என்றார். நியாயமான காரணம். குளுக்கோஸை நிறுத்திவிட்டு வெறும் உப்பு நீர் பாட்டிலை மாட்டச் சொன்னார். மாட்டினேன். சாயங்காலம் பார்த்தேன். செங்கல். மறுநாள் காலையும் செங்கல். அளவோ கோட்டைத் தாண்டி, பாட்டிலின் கழுத்து வரை வந்து, இரண்டாவது பாட்டில் கேட்டது.

இதற்கும் மருத்துவத்தில் கச்சிதமான விளக்கம் உண்டு. சர்க்கரை வியாதி இருந்தால் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியே போகும். ஆகவே நிறையச் சிறுநீர். ஆகவே உடம்பு வற்றும். ஆகவே போகிற அளவுக்கு ஈடாக உள்ளே ஏற்ற வேண்டும். சர்ஜன் ஏற்றச் சொன்னார், நான் ஏற்றினேன். எவ்வளவு ஏற்றினோமோ அதைவிட அதிகமாக வெளியே வந்தது. வெளியே வந்ததைப் பார்த்து இன்னும் ஏற்றினோம். அந்த வாரம் நாங்கள் செய்த எந்தக் காரியத்திலும் யாரும் ஒரு பிழை சொல்ல முடியாது. புத்தகத்தை விரித்து வைத்துப் பார்த்தாலும் வரிக்கு வரி சரியாக இருக்கும்.

நோயாளி மட்டும் புத்தகப்படி நடக்கவில்லை. மூக்குக் குழாயோடு ஒரு மாதிரி கொணகொணவென்று, தனக்கு அவ்வளவெல்லாம் போகவில்லையே என்று என்னிடம் சொன்னார். மயக்க மருந்தின் மிச்சம் என்று நினைத்து, நோயாளிக்கு நினைவில் சிறு குழப்பம் இருக்கிறது என்று சர்ஜனிடம் தெரிவித்தேன். பாட்டில் சொல்வதை நம்பு, நோயாளி சொல்வதை நம்பாதே என்று பழகிய கை.

அவருடைய முகம் உப்ப ஆரம்பித்தது. முதலில் இமை, அப்புறம் கன்னம், அப்புறம் கால். கால் சதையில் விரலை அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. நீர் தேங்குகிறது என்று எனக்குப் புரிந்தது. ஆனால் வீட்டுக்காரர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்கள் ஊரில் யாரும் அவரைக் கன்னத்தோடு பார்த்ததில்லை. "பாத்தியாம்மா, மொகம் எப்பிடித் தெளிஞ்சி போச்சி," என்று மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கல்யாணத்தப்பகூட இப்பிடி இல்ல." சிதம்பரத்திலிருந்து வந்த ஒரு மாமா மேலே தொங்கும் பாட்டிலைத் தட்டிப் பார்த்து, நல்ல சரக்கு என்று சான்றிதழ் கொடுத்தார். தன் முழங்கால் வலிக்கும் ஒன்று கிடைக்குமா என்று விசாரித்துவிட்டும் போனார்.

அதற்கு அடுத்த நாள் காலை நோயாளிக்கு இருமல் வந்தது. மூச்சு கொஞ்சம் வாங்கியது. சர்ஜன் முதுகில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். நுரையீரலின் அடியில் மெல்லிய சரசரப்பு. தண்ணீர் அங்கே இறங்க ஆரம்பித்துவிட்டது. இப்படியே விட்டால் படுத்த படுக்கையிலேயே மூழ்கிவிடுவார். அதுதான் எங்களுக்குப் புரியவில்லை. ஒரு மனிதர் குடம் குடமாக வெளியே விடுகிறார், அதே சமயம் உள்ளே வீங்கிக்கொண்டும் போகிறார். சர்ஜன் அலமாரியிலிருந்து தடித்த புத்தகங்களை எடுத்துவரச் சொன்னார். பார்த்தார். அவர் கண்ணில் கவலையோடு லேசான ஒரு வெளிச்சமும் தெரிந்தது. இதுவரை யாரும் எழுதாத நோய் ஒன்று கடலூரில் தன் வார்டில் படுத்திருக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ரத்தத்தில் சர்க்கரை பார்த்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அதற்கான வசதி எங்களிடம் இருந்தது. அதைப் பார்க்கத் தெரிந்தவர் தங்கை கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தார். அவரும் ஓர் அண்ணன்தானே.

கடைசியில் சர்ஜன் முடிவு செய்தார். முதலில் இன்சுலின் போட்டுச் சர்க்கரையை இறக்குவது. மதியம் காரில் மெட்ராஸுக்கு அனுப்புவது. வந்த வாடகைக் காரையே மறுபடி வரவழைத்து வாசலில் நிறுத்தச் சொன்னார். மனைவி இந்தத் தடவை தரையில் உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, குடையும் செருப்பும் எங்கே என்று தேடுகிற மாதிரி வார்டைச் சுற்றிப் பார்த்தார்.

நான் டிரேயில் இன்சுலின் ஊசியோடு வந்தேன். அந்தக் காலத்தில் இன்சுலின் அளவைச் சோதனைக் குழாயின் நிறத்தை வைத்துத்தான் முடிவு செய்வோம். பச்சைக்குக் கொஞ்சம், மஞ்சளுக்கு அதைவிட ஜாஸ்தி, செங்கலுக்கு மிக அதிகம். சிரிஞ்சில் செங்கலுக்கு உரிய அளவு இருந்தது. கட்டிலின் பக்கத்தில் மச்சான் எழுந்து நின்றார்.

"அது இன்னா ஊசி சிஸ்டர்?"

"சர்க்கரையை இறக்குற ஊசி."

"சக்கர இல்லாதவங்களுக்குப் போட்டா?"

சாப்பிடாமல் கிடக்கிறவருக்கு, சர்க்கரையும் இல்லாதபோது இவ்வளவு போட்டால் மயங்கிப் போவார், எழுந்திருக்காமலும் போகலாம் என்று சொன்னேன். பாடம் எடுக்கிற பழக்கத்தில் கொஞ்சம் விரிவாகவே சொன்னேன். சொல்லிக்கொண்டே பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்தேன்.

"மாப்ளைக்குச் சக்கர இருக்குதுன்னு எப்பிடித் தெரியும்?"

"யூரின்ல தெரிஞ்சுதே. நாலு நாளா அதைத்தானே பாத்துக்கிட்டிருக்கோம்."

மச்சான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு தன் சட்டைக் கையைத் தோள் வரை சுருட்டி, என் பக்கம் நீட்டினார்.

"அப்ப எனக்குப் போடுங்க."

சர்ஜன் திரும்பிப் பார்த்தார். "என்ன சொல்றாரு?"

"அது என்னுதுங்க ஐயா," என்றார் மச்சான். "பாட்டில்ல இருக்கறது. மாப்ளைது கொஞ்சம் இருக்கும். மிச்சம் நான் ஊத்தனது."

 மூன்றாவது கட்டிலில் இருந்த மூலவியாதிக்காரர் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். சர்ஜன் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எதற்கு என்று மட்டும் கேட்டார்.

"நீங்கதானே ஐயா கொறையிதுன்னீங்க. கொறைஞ்சா மெட்ராஸ்னீங்க." மச்சான் தங்கையைக் கைகாட்டினார். "தங்கச்சி வூட்ல எது கொறைஞ்சாலும் நான்தானே நெரப்பறேன். இத்த மட்டும் வுட்டுடுவனா?"

எவ்வளவு ஊற்றினீர்கள் என்று சர்ஜன் கேட்டார். சிஸ்டர் பாட்டிலில் கோடு போட்டு வைத்திருந்தார்களே, அதுவரைக்கும் என்றார் மச்சான். முதல் நாள் கோட்டுக்குச் சரியாக நிறுத்தினாராம். அப்புறம் ஐயா குட் என்று சொன்னதால், கூட இருந்தால் இன்னும் நல்லதுதானே என்று தாராளமாக விட்டிருக்கிறார். இதில் எங்களை ஏமாற்றுகிறோம் என்ற எண்ணம் அவருக்குத் துளிகூட இல்லை. மொய்ப்பணத்தில் குறைகிறதை நிரப்புவது போல நிரப்பியிருக்கிறார்.

அவருடைய தங்கை சுவரிலிருந்து நகர்ந்து வந்து அண்ணன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "உம் மூத்தரத்தால எந் தாலிக்கி வேட்டு வச்சிருப்பியேண்ணே," என்று அழுதார். அழுதுகொண்டே இன்னொன்று வைத்தார். மச்சான் வாங்கிக்கொண்டார்.

கட்டிலில் இருந்து ஒரு விசித்திரமான சத்தம் வந்தது. நோயாளி தையல் போட்ட வயிற்றைக் கட்டாத கையால் பிடித்துக்கொண்டு சிரிக்காமல் இருக்க முயற்சி செய்துகொண்டிருந்தார். மூக்குக் குழாய் ஆடியது. "நான் அப்பவே சொல்லல?" என்று என்னைப் பார்த்தார். "எங் கடையா இருந்தா பாட்டில்ல பேரு வெட்டிக் குடுத்திருப்பேன். மாறிப்போவாது." அவருடைய நினைவில் குழப்பம் ஏதும் இல்லை என்பதை நான் அப்போது ஒப்புக்கொண்டேன்.

சிரிப்பு அதோடு நின்றது. ஏனென்றால் சர்ஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நாள் இந்த மனிதரின் சிறுநீரகம் வேலை செய்ததா இல்லையா என்பது இப்போது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் மச்சானின் சிறுநீரகம் பிரமாதமாக வேலை செய்கிறது என்பதுதான். சிரிஞ்சில் இருந்ததை நான் தொட்டியில் பீய்ச்சிக் கொட்டினேன். நோயாளியின் கையில் நீர் ஏறிக்கொண்டிருந்த ஊசியைக் கழற்றினேன். முதுகுக்குத் தலையணை அடுக்கி நோயாளியை நிமிர்த்தி உட்கார வைத்தோம். சர்ஜன் சொன்னது இதுதான்: இவ்வளவு ஏற்றியிருக்கிறோம், சிறுநீரகம் நன்றாக இருந்தால் இப்போது தானாகத் தள்ளும். கழுவிய பாட்டிலில், எங்கள் முன்னால், இவராகவே போக வேண்டும். போனால் இங்கேயே இருக்கலாம். போகாவிட்டால் கார் புறப்படும்.

சிறுநீர் போவது உத்தரவுப்படி நடக்கிற காரியம் இல்லை. அதிலும் இவர் மாதிரி வெட்கப்படுகிற ஆள். கட்டிலைச் சுற்றித் துணித் திரை வைத்தேன். காலைத் தொங்கப்போட்டு உட்காரச் சொல்லி, புதுப் பாட்டிலைக் கையில் கொடுத்தேன். திரைக்கு இந்தப் பக்கம் சர்ஜன், நான், மனைவி, மச்சான். தன் கண் பார்வையிலிருந்து நகரக் கூடாது என்று மச்சானைத் தங்கை தடுத்து வைத்திருந்தார். இனிமேல் அவர் கழிவறைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது தங்கையின் கட்டளை. வாசலில் டிரைவர் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. திரைக்குள்ளிருந்து, எல்லாரும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தால் எப்படி வரும் என்று முனகல் மட்டும் வந்தது. உடனே எல்லாரும் கேட்காத மாதிரி பேச ஆரம்பித்தோம். சர்ஜன் மல்லாட்டை விலையை விசாரித்தார். மச்சான் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றபடி பதில் சொன்னார். அதுவும் பலிக்கவில்லை. இப்படிச் சிறுநீர் வராமல் தவிக்கிறவர்களுக்கு நாங்கள் குழாயைத் திறந்து தண்ணீர்ச் சத்தம் கேட்க வைப்போம். அது பாடத்தில் உண்டு. அந்த நேரத்தில் முனிசிபாலிடித் தண்ணீர் வராது. அது பாடத்தில் இல்லை. நான் ஒரு கூஜாத் தண்ணீரை எடுத்து உயரத்திலிருந்து பேஸினில் மெல்ல ஊற்றினேன். ஊற்றி முடித்ததும் திரும்பக் கூஜாவில் எடுத்து, மறுபடி ஊற்றினேன்.

இளநீரும் சோடாவும் உள்ளே வைத்துக்கொண்டு நின்ற மச்சானின் நெற்றியில் வியர்வை அரும்பியது. பக்கத்திலிருந்த தூணைப் பிடித்துக்கொண்டார். "அம்மாடி, அந்தத் தண்ணிய நிறுத்தச் சொல்லும்மா," என்று தங்கையிடம் கெஞ்சினார். தங்கை அவரை ஒரு பார்வை பார்த்தார். "இன்னம் கொஞ்சம் ஊத்துங்க சிஸ்டர்," என்றார் என்னிடம்.

ஊற்றினேன். மூன்றாவது கூஜாவோ நான்காவதோ நினைவில்லை. திரைக்குள்ளிருந்து முதலில் இரண்டு சொட்டு கண்ணாடியில் விழும் சத்தம். நான் கூஜாவை நிமிர்த்தினேன். பிறகு சொட்டுகள் சேர்ந்துகொண்டன. பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாத, தொடர்ச்சியான, நல்ல கனத்த சத்தம். அது நிற்கவே இல்லை. மனைவி திரையைப் பார்த்துக் கும்பிட்டார். சர்ஜன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கச்சேரியில் பழகியவர்கள் அப்படிக் கேட்டு நான் பார்த்திருக்கிறேன். பாட்டில் கொள்ளவில்லை, இன்னொன்று வேண்டும் என்று உள்ளேயிருந்து அதிகாரமாகக் குரல் வந்தது. கொடுத்தேன்.

எல்லார் முன்னாலும் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினேன். நீல மருந்து கொதித்தது. நீலமாகவே இருந்தது. சர்ஜன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மனைவியும் பார்த்தார். நீலம் நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியாது. சர்ஜனின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

"மெட்ராஸ் வேண்டாம்," என்றார் சர்ஜன். "காரை அனுப்பிடுங்க."

மனைவி அழ ஆரம்பித்தார். யாராவது தேற்ற வேண்டும் என்பதற்காக அழுத அழுகை இல்லை, அதனால் யாரும் தேற்றவில்லை. தூணுக்குப் பக்கத்திலிருந்து மச்சான் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒரு விரலைத் தூக்கினார்.

"ஐயா, இப்ப நான் போவலாங்களா?"

சர்ஜன் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"சிஸ்டர், இவருக்கு ஒரு பாட்டில் குடுங்க. இவர் பேர்ல தனிக் கேஸ் சீட்டும் போடுங்க."

நான் அலமாரியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, எங்கே கோடு என்று திருப்பித் திருப்பிப் பார்த்தபடியே ஓடினார்.